பெங்களூர் மாடித் தோட்டம்: பூ எப்ப பூக்குது, ஏன் பூக்கல, எதைக் குறிச்சு வைக்கணும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அல்சூர் பக்கம் இருக்கேன். மொட்டை மாடில நாப்பது தொட்டி இருக்கும், கீழ காம்பவுண்டு ஓரமா ஒரு பவழமல்லி, ஒரு செம்பருத்தி. எங்க அம்மா பால் கணக்கு எழுதற காலண்டர்லயே "இன்னைக்கு முதல் மல்லி"ன்னு ஓரத்துல எழுதி வைப்பாங்க, அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு, இப்ப தனி நோட்டே போட்டிருக்கேன். சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, ஊர்ல இருந்து புதுசா வேலைக்கு வந்த பசங்கன்னு பல பேர் இதே கேள்விகளக் கேக்கறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

தினமும் தான் செடியப் பாக்கறோமே, இதுல தனியா கவனிக்க என்ன இருக்கு?

பாக்கறோம், ஆனா தேதி மனசுல நிக்காது. போன வருஷம் பவழமல்லி எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டா "மழைக் காலத்துல"ன்னு தான் சொல்வோம், அது ஜூலையா செப்டம்பரான்னு கேட்டா முழிப்போம். நோட்டு இருந்தா ரெண்டாவது வருஷமே வித்தியாசம் தெரிய ஆரம்பிச்சிடும். ஜப்பான்ல கியோட்டோ ஊர்ல செர்ரி மரம் எப்ப முழுசா பூத்துச்சுங்கிற குறிப்பு 812-ம் வருஷத்துல இருந்து கிடைச்சிருக்கு, அரசர் வீட்டு நாட்குறிப்பு, கோயில் குறிப்பு இதெல்லாம் வெச்சு கோத்திருக்காங்க. அதனால தான் 2021 மார்ச் 26 அன்னைக்கு அது பூத்தப்ப, 1,200 வருஷத்துல இதுதான் ரொம்ப சீக்கிரம்னு அவங்களால சொல்ல முடிஞ்சுது. யாரோ ஒருத்தர் அன்னைக்கு பூ பாக்கப் போனதை ஒரு வரி எழுதி வெச்சதால கிடைச்ச விஷயம் அது, அத நினைக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவோட பால் கணக்கு காலண்டர் தான் ஞாபகம் வரும்.

சரி, நோட்டுல என்னென்ன எழுதணும்?

கம்மியா எழுதுங்க, அப்ப தான் விடாம எழுத முடியும். நான் ஒரு செடிக்கு நாலே நாலு விஷயம் குறிப்பேன், முதல் மொட்டு, முதல் பூ, ரொம்ப நிறைய பூத்த நாள், கடைசிப் பூ. மரமா இருந்தா கூடவே இலை உதிர ஆரம்பிச்ச நாளும் தளிர் விட்ட நாளும். மழை பெஞ்சா "மழை, நல்லா" இல்லனா "தூறல்" அவ்ளோ தான். உரம் போட்டதும் கவாத்து பண்ணதும் (அதாவது கிளைய வெட்டி விட்டதும்) கட்டாயம் எழுதணும், இல்லனா அப்புறம் பூ நிறைய வந்தது வெயிலாலயா உரத்தாலயான்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது.

போன்ல போட்டோ எடுக்கறவங்க ஒரே இடத்துல நின்னு ஒரே நேரத்துல எடுங்க. இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல அனுப்பி வாங்கின போட்டோல எடுத்த தேதி போயிடும், அதனால அதை நம்பி இருக்காதீங்க, அசல் போட்டோவ வெச்சுக்கோங்க.

ஒண்ணும் பூக்காத வாரத்துல "ஒண்ணும் இல்ல"ன்னு எழுதறது முக்கியம். பூ இல்லயா இல்ல நான் பாக்கலயான்னு பின்னாடி தெரியணும்ல.

நம்ம தமிழ்ல ஆறு பருவம் சொல்றாங்களே, அது பெங்களூருக்குப் பொருந்துமா?

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. கார் காலம் ஆவணி-புரட்டாசி, கூதிர் ஐப்பசி-கார்த்திகை, முன்பனி மார்கழி-தை, பின்பனி மாசி-பங்குனி, இளவேனில் சித்திரை-வைகாசி, முதுவேனில் ஆனி-ஆடி. பாதி அழகா பொருந்தும், ஆனா முதுவேனில் கிட்ட வந்தா இடிக்கும். ஊர்ல ஆனி மாசம் அனல் காத்து வீசும்போது இங்க தென்மேற்குப் பருவமழை வந்து வானம் மூடிக்கிட்டு ஜிலுஜிலுன்னு காத்தடிக்கும், ஸ்வெட்டர் தேட வேண்டி வரும். இங்க வெயில் உச்சம் ஏப்ரல்ல தான், 2016 ஏப்ரல் 24 அன்னைக்கு 39.2 டிகிரி வரைக்கும் போச்சு, பெங்களூர்ல அதுவரைக்கும் பதிவானதுல அதுதான் அதிகம். கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கற ஊர், தென்மேற்கு மழையும் உண்டு வடகிழக்கு மழையும் கொஞ்சம் உண்டு, கோடை இடி மழை வேற.

அதனால நான் என் மாடிக்குன்னு சொந்தமா காலம் பிரிச்சு வெச்சிருக்கேன். மாமரம் பூக்கற காலம், புங்கை தளிர் காலம், மல்லிக் காலம், மழை லில்லிக் காலம், நிஷாகந்தி ராத்திரிங்க, பவழமல்லிக் காலம், செவ்வந்திக் காலம். ஏழு வருது. உங்க வீட்டுல அஞ்சு வரலாம், ஒம்பது வரலாம், தப்பே இல்ல.

ஆனா ஆடிப்பட்டம் தேடி விதைங்கறது இங்கயும் நல்லா வேலை செய்யுது. ஆடில செண்டுமல்லி விதை போட்டா ரெண்டு மாசத்துல பூ வந்துடும், ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலை நம்ம தொட்டில இருந்தே. அந்த வாரம் கே.ஆர். மார்க்கெட்ல ஒரு மாரு பூ (ரெண்டு கையையும் விரிச்ச நீளச் சரம்) என்ன விலை விக்கும்னு உங்களுக்கே தெரியும்.

மதுரைல இருந்து குண்டுமல்லி பதியன் கொண்டு வந்தேன், இலை நல்லா இருக்கு, பூ மட்டும் வரல. ஏன்?

இந்தக் கேள்வி கேக்காத தமிழ் வீடே பெங்களூர்ல இல்லன்னு சொல்லலாம். மல்லிக்கு வெயில் வேணும், சூடு வேணும், தினமும் ஒரு அஞ்சாறு மணி நேரமாவது நேர் வெயில் படணும். இங்க டிசம்பர் ஜனவரில ராத்திரி 15 டிகிரி பக்கம் போயிடும், அப்ப அது தூங்கும், அதைத் தண்ணி ஊத்தி எழுப்பப் பாக்காதீங்க.

ரெண்டாவது விஷயம் கவாத்து. புதுக் கிளையில தான் மல்லி மொட்டு வைக்கும், பழைய கிளையவே பாத்துப் பாத்து வளத்தா இலை தான் மிஞ்சும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரமும், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரமும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரமும் கவாத்துன்னு சொல்றாங்க. அது தமிழ்நாட்டு வயலுக்கு. நானும் முதல்ல அதே மாதிரி நவம்பர்ல வெட்டிட்டு இருந்தேன், வெட்டின கிளை குளிர்ல அப்படியே சும்மா நிக்கும், தளிர் வர்றதுக்கு பொங்கல் தாண்டிடும். நோட்டப் பாத்தப்புறம் தான் புரிஞ்சுது, இப்ப குண்டுமல்லிய ஜனவரி கடைசில வெட்டறேன், இலையெல்லாம் உருவிட்டு மண்ண கொத்தி மண்புழு உரம் ஒரு கை போடறேன், மார்ச் கடைசில மொட்டு, ஏப்ரல் மே ரெண்டு மாசமும் தலைக்கு வைக்க, சாமிக்கு போட, மிச்சம் எதிர் வீட்டு ஆன்ட்டிக்குன்னு வரும்.

மதுரை அளவுக்கு வருமான்னா வராது. அதை எதிர்பாத்து செடிய திட்டாதீங்க. அந்த எடத்துக்கு காக்கடா வைங்க, வாசம் கம்மி தான், ஆனா இந்த ஊர்க் குளிரையும் மழையையும் தாங்கி வெள்ளை வெள்ளையா கொத்தா பூக்கும்.

பால்கனில போன மாசம் வரைக்கும் வெயில் வந்துச்சு, இப்ப வரல. செடி வாடுது. என்ன ஆச்சு?

சூரியன் இடம் மாறிடுச்சு, வேற ஒண்ணும் இல்ல. பெங்களூர் 13 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் 24 வாக்குல ஒரு நாள், ஆகஸ்ட் 18 வாக்குல ஒரு நாள், நடுப்பகல்ல சூரியன் நேர் தலைக்கு மேல வரும், நிழலில்லா நாள்னு சொல்வாங்க, ஒரு டம்ளர வெயில்ல வெச்சுப் பாத்தா நிழலே விழாது, பசங்களக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. இந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல மதியச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் இருக்கும், மத்த எட்டு மாசம் தெக்குப் பக்கம்.

அப்ப வடக்கு பாத்த பால்கனிக்கு மே ஜூன் ஜூலைல தான் வெயில் எட்டிப் பாக்கும், தெக்கு பாத்த பால்கனிக்கு டிசம்பர்ல வெயில் உள்ள ஹால் வரைக்கும் வரும், மேல சிலாப் இருந்தா மே மாசம் சுத்தமா வராது. நிறைய பேர் நர்சரில டிசம்பர்ல ரோஜா வாங்கி தெக்கு பால்கனில வெச்சு, மே மாசம் பூக்கலன்னு உரத்த மாத்தறாங்க. தொட்டிய மாத்துங்க. தரைல சாக்பீஸ்ல மாசத்துக்கு ஒரு தடவை வெயில் விழற எல்லைய ஒரு கோடு போட்டு தேதி எழுதி வைங்க, ஒரு வருஷத்துல உங்க பால்கனியோட முழு ஜாதகமும் தரைல இருக்கும். என்னைக் கேட்டா பூ நோட்டுக்கு முன்னாடி இதைச் செய்யணும்.

செவ்வந்தி இலையா வளந்துகிட்டே போகுது, பக்கத்து வீட்டுல பூத்துடுச்சு, ரெண்டும் ஒரே நர்சரில வாங்கினது. எப்படி?

ராத்திரில உங்க செடி மேல தெரு விளக்கு வெளிச்சம் விழுதான்னு பாருங்க. செவ்வந்தி ராத்திரி நீளத்த வெச்சு காலத்தைக் கணக்கு போடற செடி, இருட்டு நீளமா விடாம கிடைச்சா தான் மொட்டு வைக்கும். நடுவுல வெளிச்சம் பட்டா இன்னும் கோடைதான்னு நினைச்சு இலையே விட்டுட்டு இருக்கும். இந்த ஊர்ல பகல் நீளம் ஜூனுக்கும் டிசம்பருக்கும் ஒன்றரை மணி நேரம் தான் வித்தியாசம், டெல்லில மூணரை மணி நேரத்துக்கு மேல, ஆனா இந்தக் கொஞ்ச வித்தியாசத்தையே செடி கண்டுபிடிச்சுடுது பாருங்க.

எங்க தெருவுல எல்இடி விளக்கு போட்ட வருஷம் எங்க கைப்பிடிச் சுவர் ஓரம் இருந்த செடிங்க தை வரைக்கும் பூக்கல, தண்ணி டேங்க் மறைவுல இருந்தது ஐப்பசிலயே பூத்துடுச்சு. அப்புறம் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கருப்பு பெட்ஷீட்ட மறைப்பா கட்டினேன், சரியாச்சு. கிறிஸ்துமஸுக்கு சிவப்பாகுற பாய்ன்செட்டியாவுக்கும் இதே கதை தான்.

செம்பருத்தி மொட்டு பூக்காமலே உதிருது.

மொட்டு அடியில வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா மாவுப்பூச்சி, வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும் கலந்து சாயந்திரம் அடிங்க. பூச்சி இல்லனா தண்ணி ஒழுங்கு இல்லன்னு அர்த்தம், ஒரு நாள் காய விட்டு ஒரு நாள் குளமா ஊத்தினா உதிரும். தொட்டிய இடம் மாத்தினாலும் ஒரு ரவுண்டு உதிரும், பயப்பட வேண்டாம்.

மழை லில்லிக்கு மழை வந்தது எப்படித் தெரியும்?

வெங்காயம் மாதிரி கிழங்கு மண்ணுக்குள்ள காஞ்சு கிடக்கும், திடீர்னு ஆழமா நனைஞ்சு மண்ணு குளுந்ததும் ஒரே சமயத்துல எல்லாம் தண்டு விடும். மழை பெஞ்ச நாலாம் நாள் அஞ்சாம் நாள் காலைல தொட்டி முழுக்க ரோஸ் கலர். தினமும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணி ஊத்தறவங்க வீட்டுல இந்தக் காட்சி கிடைக்காது, ஏன்னா காயவே விடல. ரெண்டு வாரம் காயப் போட்டு ஒரு நாள் நல்லா ஊறற மாதிரி ஊத்திப் பாருங்க, மழை இல்லாமலே சில சமயம் பூக்கும். என் நோட்டுல "மழை, நல்லா"ங்கற வரிக்குக் கீழ நாலு வரி தள்ளி எப்பவும் "லில்லி"ன்னு இருக்கும்.

இதோட சேத்து சொல்லணும், ஃபுட்பால் லில்லி. மே மாசம் வெறும் மண்ணுல இருந்து இலை கூட இல்லாம ஒரு தண்டு வந்து சிவப்புப் பந்து மாதிரி ஒரு பூ. பதினோரு மாசம் காலித் தொட்டி மாதிரி இருக்கும் இல்ல வெறும் இலையா இருக்கும், யாராவது மண்ண கொட்டிடுவாங்க, அதனால தொட்டி மேல பெயிண்ட்ல பேர் எழுதி வைங்க.

பிரம்ம கமலம் எந்த ராத்திரி பூக்கும்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முதல்ல ஒரு விஷயம், நம்ம வீட்டுல பிரம்ம கமலம்னு சொல்றது நிஷாகந்தி, மெக்சிகோ மத்திய அமெரிக்கா பக்கத்துக் கள்ளிச் செடி வகை. நிஜமான பிரம்ம கமலம் இமயமலை உயரத்துல இருக்கற வேற செடி. ஆனா வீட்டுல விளக்கேத்தி கும்பிடறவங்ககிட்ட நான் இதைச் சொல்லித் திருத்தறது இல்ல, அந்தப் பூ முன்னாடி கை கூப்பத் தான் தோணும்.

இலை மாதிரி இருக்கற தண்டோட ஓரத்துல சின்ன முள்ளு மாதிரி மொட்டு வரும், பூக்க ரெண்டு மூணு வாரம் ஆகும். கீழ தொங்கிட்டு இருந்த மொட்டு கழுத்து வளைஞ்சு தலை தூக்கினா நாள் நெருங்கிடுச்சு. அன்னைக்கு சாயந்திரம் மொட்டு நல்லா உப்பி நுனி கொஞ்சம் விரிஞ்சிருக்கும், எட்டு மணிக்கு மேல திறக்க ஆரம்பிச்சு நடுராத்திரில முழுசா விரியும், விடியறதுக்குள்ள வாடிடும். இங்க ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ரெண்டு மூணு சுத்து வரும். எங்க தெருவுல எங்க வீட்டுல பூக்கற அதே ராத்திரி இன்னும் மூணு வீட்டுல பூக்கும், எல்லாம் ஒரே செடியோட துண்டு, ஒருத்தருக்கொருத்தர் குடுத்தது.

ரங்கூன் மல்லில வெள்ளை, ரோஸ், சிவப்பு மூணும் ஒரே கொத்துல இருக்கே, மூணு செடியா?

ஒரே செடி தான். சாயந்திரம் வெள்ளையா விரியும், மறுநாள் ரோஸ், அதுக்கு மறுநாள் சிவப்பு. ராத்திரி வெள்ளைக்கு அந்துப்பூச்சி வரும், பகல்ல நிறம் ஏறினதுக்கு தேனீயும் தேன்சிட்டும் வரும். ஒரு பூவுல நூல் கட்டி மூணு நாள் பாருங்க, பசங்க லீவுக்கு இதைவிட நல்ல வேலை இல்ல.

வருஷம் முழுக்க ஏதாவது ஒண்ணு பூத்துட்டே இருக்கணும்னா என்ன பண்ணணும்?

இந்த யோசனைய பெங்களூர் தெருவுங்கள்லயே பாக்கலாம். 1908-ல லால்பாக் பொறுப்புக்கு வந்த குரும்பிகல்ங்கற ஜெர்மன் தோட்டக் கலைஞர், ஒரு மரம் பூத்து முடிக்கும்போது அடுத்த மரம் ஆரம்பிக்கணும்னு கணக்கு பண்ணி மரம் நட வெச்சார். அதான் இன்னைக்கும் தை மாசில ரோஸ் டபிபுயா, அது உதிரும்போது மஞ்சள் டபிபுயா, கூடவே ஊதா ஜகரண்டா, ஏப்ரல்ல சரக்கொன்றையும் குல்மொஹரும், மழை முடிஞ்சதும் மரமல்லின்னு வரிசையா வருது. மரமல்லிய கன்னடத்துல ஆகாச மல்லிகேன்னு சொல்றாங்க, அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாடில அதையே சின்னதா பண்ணுங்க. உங்க நோட்டுல எந்த மாசம் காலியா இருக்குன்னு பாத்து அந்த மாசத்துக்கு மட்டும் ஒரு செடி வாங்குங்க. எனக்கு பிப்ரவரி காலியா இருந்துச்சு, காகிதப்பூ வெச்சேன், தண்ணிய நல்லா குறைச்சா அப்ப தான் அது கலர் கொட்டும். நந்தியாவட்டையும் கனகாம்பரமும் எப்பவும் கொஞ்சம் இருக்கும், அதுங்கள நம்பி சாமிக்குப் பூ இல்லாத நாள் வராது.

பெரிய தேனீக் கூடு அபார்ட்மென்ட் சன்ஷேட்ல கட்டிருக்கு, ஆளக் கூப்பிட்டு எரிக்கச் சொல்றாங்க.

தயவுசெஞ்சு எரிக்க விடாதீங்க. அது மலைத்தேனீ, ஒரு இடத்துலயே தங்கற வகை இல்ல, பூ இருக்கற காலத்துக்கு வந்து, முடிஞ்சதும் தானா கிளம்பிடும். அந்தப் பக்கம் ஜன்னல சாத்தி வெச்சு, ராத்திரி பிரகாசமான லைட் போடாம, பட்டாசு வெடிக்காம இருந்தா ஒண்ணும் பண்ணாது. கூடு காலியான தேதியையும் நோட்டுல எழுதுங்க, மறுவருஷம் அசோசியேஷன் மீட்டிங்ல "இத்தனாம் தேதி போயிடுச்சு, இந்த வருஷமும் போயிடும்"னு காட்டலாம். நான் அப்படித் தான் ஒரு கூட்டைக் காப்பாத்தினேன்.

தண்ணி பஞ்சம் வந்தா தோட்டத்த விட்டுடணுமா?

2024 மார்ச்ல குடிநீர தோட்டத்துக்கு ஊத்தினா 5,000 ரூபா அபராதம்னு குடிநீர் வாரியம் அறிவிச்சாங்க, நியாயம் தான், குடிக்கவே இல்லாத வீடுங்க இருந்துச்சு. அரிசி பருப்பு காய் கழுவின தண்ணிய பக்கெட்ல பிடிச்சோம், தொட்டி மேல காஞ்ச இலைய மூடாக்கா போட்டோம், எல்லாத் தொட்டியையும் ஒண்ணா நெருக்கி வெச்சோம். ரோஜா ரெண்டு போச்சு. காகிதப்பூவும் கள்ளி வகையும் நின்னுச்சு. ஏப்ரல் முழுக்க மழை இல்ல, மே ஆரம்பத்துல முதல் மழை விழுந்தப்ப அம்மா மாடில நனைஞ்சுட்டே நின்னாங்க, நாலு நாள் கழிச்சு லில்லி வந்துச்சு.

நாம எழுதறது வேற யாருக்காவது பயன்படுமா?

படும். சீசன்வாட்ச்னு 2010-ல ஆரம்பிச்ச ஒரு திட்டம் இருக்கு, உங்க வீட்டுப் பக்கத்து மரம் ஒண்ணைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு தடவை இலை, பூ, காய் எவ்ளோ இருக்குன்னு பதியணும். கேரளாவுல பள்ளிக்கூடப் பசங்களே விஷுக் கொன்றைய அப்படி நிறைய பதிஞ்சிருக்காங்க. நம்ம தெருப் புங்கை, வேம்பு, மா எல்லாம் சேக்கலாம். வேம்பு முக்கியம், சித்திரை ஒண்ணுக்கு வேப்பம்பூப் பச்சடிக்குப் பூ வேணும், இங்க உகாதிக்கு பேவு-பெல்லத்துக்கு (வேம்பும் வெல்லமும்) வேணும், ரெண்டு பண்டிகைக்கும் முன்னாடி மரம் பூத்துச்சா இல்லையான்னு ஒவ்வொரு வருஷமும் எழுதி வைங்க.

வாடகை வீடு, ரெண்டு வருஷத்துல மாறிடுவோம். அப்புறம் இந்த நோட்டு எதுக்கு?

நாங்களும் மூணு வீடு மாறினோம். தொட்டிங்க கூட வந்துச்சு, பழைய வீட்டுப் பவழமல்லி வரல, அது தரைல வெச்ச மரம். புதுசா குடி வந்தவங்ககிட்ட, நோட்டுல இருந்த அந்த மரத்தோட தேதிங்கள ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு வந்தேன். ஆவணில ஒரு நாள் காலைல அந்த அக்கா போட்டோ அனுப்பினாங்க, வாசல் முழுக்க ஆரஞ்சுக் காம்போட வெள்ளைப் பூ கொட்டிக் கிடக்கு, கீழ "இன்னைக்கு ஆரம்பிச்சுடுச்சு"ன்னு எழுதிருந்தாங்க. அந்தத் தேதியையும் என் நோட்டுல, அதே மரத்தோட பக்கத்துல எழுதிட்டேன்.